ஹாக்கியின் ‘டி’ பிறந்த பூங்கா: 150 வயதைத் தாண்டிய ஒரு லோக்கல் கிளப் நமக்குச் சொல்வது என்ன?

கோப்பை, பதக்கம், நட்சத்திர வீரர்கள்... ஒரு ஹாக்கி கிளப்பின் வரலாறு என்றால் இதைத்தான் தேடுவோம். ஆனால், லண்டனுக்குப் பக்கத்தில் 1871-ல் தொடங்கிய டெடிங்டன் ஹாக்கி கிளப்பின் கதையில் கவனிக்க வேண்டியது வேறு. அவர்களுக்கு ஒரு சமமான தரை கிடைத்தது. அந்தத் தரைக்கு ஏற்ற மாதிரி ஆட்டத்தை மாற்றினார்கள். அந்த ஆட்டத்தைத்தான் உலகம் இன்று ஆடுகிறது.

அதே ‘தரை’ விஷயம்தான் 100 ஆண்டுகள் கழித்து இந்திய ஹாக்கியைக் குப்புறத் தள்ளியது. இன்றைக்கும் நம் ஊர் கிளப்புகள் பிழைக்குமா, பிழைக்காதா என்பதைத் தீர்மானிப்பதும் அதுதான்.

முதல்ல, அந்த ‘டி’ என்றால் என்ன?

டிவியில் ஹாக்கி பார்க்கும்போது கோல் போஸ்ட்டுக்கு முன்னால் ஆங்கில ‘டி’ எழுத்துபோல ஒரு கோடு தெரியும். எதிரணி கோலை நோக்கி ஆடுபவர் அதற்குள் இருந்து பந்தைத் தொட்டால்தான் கோல். வெளியே இருந்து அடித்த பந்து யார்மீதும் படாமல் நேராக வலைக்குள் போனாலும் கோல் கிடையாது.

அந்தக் கோடு கோல் போஸ்ட்டில் இருந்து 14.63 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஏன் 15 என்று முழுசா வைக்கவில்லை? காரணம், அது 16 கெஜம். மைதானத்தின் நீளம் 91.4 மீட்டர், அதாவது 100 கெஜம். கோல் அகலம் 3.66 மீட்டர், அதாவது 4 கெஜம். இங்கிலாந்தின் பழைய அளவுகளை மீட்டருக்கு மாற்றியதால் வந்த புள்ளிகள் இவை.

பந்திலும் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. ஹாக்கி பந்தின் எடை 156 முதல் 163 கிராம். ஆண்கள் கிரிக்கெட் பந்தின் எடையும் கிட்டத்தட்ட அதேதான். இது தற்செயல் இல்லை. அவர்கள் ஆடத் தொடங்கியதே கிரிக்கெட் பந்தை வைத்துத்தான்.

குளிர்காலத்தில் என்ன ஆடுவது?

டெடிங்டன், லண்டனின் தென்மேற்கில் தேம்ஸ் நதியோரம் உள்ள ஊர். அதை ஒட்டி ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை, அதன் பக்கத்தில் புஷி பார்க் என்ற அரச பூங்கா. டெடிங்டன் கிரிக்கெட் கிளப் அந்தப் பூங்காவில் ஆடிக்கொண்டிருந்தது.

கிரிக்கெட், கோடைக்காலத்து ஆட்டம். குளிர்காலம் வந்தால் உறுப்பினர்களுக்கு வேலை இல்லை. மைதானம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, ஆட்டம்தான் இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப 1871-ல் அவர்கள் கையில் எடுத்ததுதான் ஹாக்கி.

வளைந்த குச்சியால் பந்தைத் தட்டும் ஆட்டம் அதற்கு முன்பே இருந்தது. லண்டனின் தென்கிழக்கில் பிளாக்ஹீத் என்ற இடத்தில் ஒரு கிளப்பே இருந்தது. 1861-ம் ஆண்டிலேயே அதன் இருப்புக்கு எழுத்துப் பதிவு உண்டு. அப்படியென்றால், மூத்தவர்கள் பிளாக்ஹீத் ஆட்கள்தான். ஆனால் அவர்கள் ஆடிய ஆட்டத்தை இன்று பார்த்தால் அது ஹாக்கி என்றே பலருக்குத் தோன்றாது.

அவர்களிடம் உருண்டையான பந்து கிடையாது. கெட்டியான ரப்பர் கட்டை ஒன்றைத்தான் அடித்தார்கள். மைதானம் 270 கெஜம் நீளம். இன்றைய மைதானத்தைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். ரக்பிபோல ஆட்கள் குவிந்து மோதிக்கொள்ளும் ஆட்டம் அது. பிளாக்ஹீத் ஒரு திறந்தவெளி. பராமரித்த கிரிக்கெட் மைதானத்தின் சமம் அங்கே இல்லை. உருண்டைப் பந்தை வைத்து நேர்த்தியாக ஆட அந்தத் தரை தோதான இடமே இல்லை. அந்தத் தரைக்கு அந்தக் கட்டையே பொருத்தம்.

டெடிங்டன் ஆட்களுக்கு வாய்த்ததோ வழுவழுப்பான கிரிக்கெட் புல்தரை. அங்கே உருண்டைப் பந்து நினைத்த பக்கம் ஓடும். கையில் கிரிக்கெட் பந்தும் ஏற்கெனவே இருக்கிறது. அதையே போட்டு ஆடிப் பார்த்தார்கள். ஆட்டத்தின் குணமே மாறிவிட்டது. மோதித் தள்ளுவதற்குப் பதிலாக, பந்தைக் குச்சியோடு ஒட்டி நகர்த்துவதும் பாஸ் கொடுப்பதும் முக்கியமாயின.

விதி எப்படி வந்தது?

கிரிக்கெட் பந்து கெட்டி. குச்சியைத் தலைக்கு மேல் ஓங்கி அடித்தால் பக்கத்தில் இருப்பவரின் மண்டை உடையும். அதனால் குச்சியைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்று விதி வந்தது. தூரத்தில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு கோலை நோக்கி விளாசுவதைத் தடுக்க, குறிப்பிட்ட வட்டத்துக்குள் இருந்து அடித்தால்தான் கோல் என்ற விதி வந்தது. அதுதான் ‘டி’. இந்த மாற்றங்களுக்கான பெருமையை ஹாக்கி வரலாறு பொதுவாக டெடிங்டனுக்கே தருகிறது.

‘டி’ வந்த பிறகு, கோல் போட வேண்டும் என்றால் பந்தை அந்த வட்டம்வரை கொண்டுபோயே ஆக வேண்டும். பலம் மட்டும் போதாது, நுணுக்கமும் வேண்டும். பின்னாளில் தியான் சந்த் போன்ற ஒருவர் உலகத்தை வியக்க வைத்த பந்துக் கட்டுப்பாட்டுக்கு அடிப்படை போட்டது இப்படியொரு விதிதான் என்று சொன்னால் மிகையில்லை.

பிளாக்ஹீத் ஏன் தோற்றது?

டெடிங்டன் ஜெயித்தது தரையால் மட்டும் இல்லை. அக்கம்பக்கத்து கிளப்புகளோடு உட்கார்ந்து பேசியதும் ஒரு காரணம். 1874-ல் ரிச்மண்ட் அணியோடு மோதினார்கள். வேறு ஊர் அணியோடு ஆட வேண்டும் என்றால் இரண்டு பேருக்கும் ஒரே விதி வேண்டும். ‘எங்க ஊர்ல இப்படித்தான்’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் மேட்ச்சே நடக்காது.

1875-ல் கிளப்புகள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கின. சில ஆண்டுகளில் அது படுத்துவிட்டது. 1886-ல் மறுபடி கூடி ‘ஹாக்கி அசோசியேஷன்’ அமைத்தார்கள். டெடிங்டன், சர்பிட்டன், விம்பிள்டன், ஈலிங், மோல்சி போன்ற லண்டன் சுற்றுவட்டார கிளப்புகளும், கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியும் அதில் இருந்தன. டெடிங்டன் பாணி விதிகளே பொது விதிகள் ஆயின.

பிளாக்ஹீத் அந்த விதிகளை ஏற்கவில்லை. தன் ஆட்டத்தை விட மனமில்லாமல் பிரிஸ்டல் பகுதி அணிகளோடு சேர்ந்து 1887-ல் தனி அமைப்பில் நின்றது. அந்த அமைப்பு பத்து வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ரப்பர் கட்டை ஆட்டம் அதோடு முடிந்தது.

மூத்த கிளப், அதிகப் பாரம்பரியம், ஆனால் அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போக மனமில்லை. இளைய கிளப், நல்ல தரை, பகிர்ந்துகொள்ளும் மனசு. எது நின்றது என்பது இன்று எல்லாருக்கும் தெரியும்.

ஆனாலும் இந்தக் கதையை முழுக்க இனிப்பாக எழுத முடியாது. அந்தப் ‘பகிர்தல்’ ஆண்களுக்கு மட்டும்தான் இருந்தது. 1887-லேயே மோல்சியில் பெண்களுக்கான கிளப் தொடங்கிவிட்டது. 1895-ல் பெண்கள் அமைப்பு, ஆண்களின் சங்கத்தில் இணைய அனுமதி கேட்டது. முடியாது என்று பதில் வந்தது. பெண்கள் சும்மா இருக்கவில்லை. தனிச் சங்கமாகவே நடத்திக்கொண்டார்கள், ஆண்கள் யாரும் அதில் பொறுப்பு வகிக்கக் கூடாது என்று முடிவும் எடுத்தார்கள். ஒரு கிளப்பை மதிப்பிட அதன் மைதானத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, யாருக்கு அங்கே கதவு திறந்திருந்தது என்றும் பார்க்க வேண்டும்.

சரி, இது நமக்கு எப்படி வந்தது?

பிரிட்டிஷ் ராணுவம் கொண்டு வந்தது. கண்டோன்மென்ட் இருந்த ஊர்களில் எல்லாம் அணிவகுப்புக்கான பெரிய சமதரைகள் இருந்தன. ஹாக்கிக்கு வேறென்ன வேண்டும்? 1880-களின் மத்தியில் கல்கத்தாவில் கிளப் தொடங்கியது. 1895-ல் அங்கேயே பெய்ட்டன் கோப்பை ஆரம்பித்தது. சென்னையில் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1901-ல் தொடங்கிய போட்டி, இன்று எம்.சி.சி. முருகப்பா தங்கக் கோப்பையாகத் தொடர்கிறது. டெடிங்டன்போலவே இங்கேயும் ஹாக்கிக்கு இடம் கொடுத்தது ஒரு கிரிக்கெட் கிளப்தான்.

ஜலந்தர் கண்டோன்மென்ட்டை ஒட்டிய சன்சார்பூர் கிராமத்தைப் பாருங்கள். ராணுவ வீரர்கள் ஆடுவதைப் பார்த்துப் பழகிய ஊர் அது. 1932 ஒலிம்பிக் தங்க அணியில் இருந்த குர்மித் சிங், மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்ற உதம் சிங், 1975-ல் உலகக் கோப்பை வென்ற அணியின் கேப்டன் அஜித் பால் சிங்... எல்லாரும் அந்த ஒரு கிராமத்துப் பிள்ளைகள். அங்கே தேவைப்பட்டது ஒரு புல்தரையும், வளைந்த குச்சியும், மாலை நேரமும்தான்.

1928 முதல் 1956 வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக் தங்கம். 1948-ல் லண்டனிலேயே, விதியை எழுதிய நாட்டின் அணியை இறுதிப்போட்டியில் 4-0 என்று வீழ்த்தியது சுதந்திர இந்தியா. டெடிங்டனின் புல்தரை ஆட்டத்தை டெடிங்டன்காரர்களைவிட நன்றாக ஆடக் கற்றுக்கொண்டோம்.

1976: தரை மாறியது

மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல்முறையாக ஹாக்கி செயற்கைத் தரையில் நடந்தது. முந்தைய ஆண்டுதான் உலகக் கோப்பை வென்ற இந்தியா, அங்கே ஏழாம் இடம். 1928-க்குப் பிறகு ஒலிம்பிக் ஹாக்கியில் பதக்கம் இல்லாமல் திரும்பியது அதுவே முதல் தடவை.

செயற்கைத் தரையில் பந்து துள்ளாது, வேகமாக ஓடும். குண்டும் குழியுமான புல்லில் பந்தை அடக்கப் பழகிய மணிக்கட்டு வித்தைக்கு அங்கே மதிப்பு குறைவு. வேகம், உடல்திறன், நீண்ட பாஸ் ஆகியவற்றுக்கு மதிப்பு அதிகம். இதற்குப் பழக வேண்டும் என்றால் தினமும் அந்தத் தரையிலேயே ஆட வேண்டும். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ளூர் கிளப்புகளுக்கே அந்தத் தரை கிடைத்தது. நம் ஊர்க் கிளப்புகளுக்குக் கிடைக்கவில்லை.

‘எல்லாத்துக்கும் டர்ஃப்தான் காரணமா?’ என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதே மாண்ட்ரியலில் பாகிஸ்தான் வெண்கலம் வாங்கியது, 1984-ல் தங்கமே வென்றது. அவர்களும் புல்லில் வளர்ந்தவர்கள்தான். இந்திய ஹாக்கியில் நிர்வாகச் சண்டை, திட்டமின்மை என்று வேறு நோய்களும் இருந்தன. அதனால், ‘வெள்ளைக்காரன் சதி’ என்று முடித்துக்கொள்வது சோம்பேறித்தனமான வாதம்.

ஆனால், தேசிய அணிக்கும் உள்ளூர் கிளப்புக்கும் இந்த மாற்றம் ஒரே மாதிரி அடி கொடுக்கவில்லை. தேசிய அணிக்கு அரசாங்கம் டர்ஃப் போட்டுக் கொடுக்கும். தெருமுனை கிளப்புக்கு யார் போடுவது? செயற்கை இழை மைதானம் அமைக்கக் கோடிக்கணக்கில் செலவாகும். சுமார் பத்து ஆண்டுகளில் மாற்றவும் வேண்டும். பெரிய போட்டிகளுக்கான வகை என்றால் ஆட்டத்துக்கு முன்பு ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீரும் தெளிக்க வேண்டும். ஸ்டிக் வாங்கவே சந்தா பிரிக்கும் கிளப்புக்கு இது நடக்கிற காரியமா?

அப்போ டோக்கியோ, பாரிஸ் பதக்கங்கள்?

டோக்கியோவில் வெண்கலம், 2024 பாரிஸில் மறுபடி வெண்கலம். இந்திய ஆண்கள் அணி மீண்டுவிட்டது, உண்மைதான். ஆனால் அந்த மீட்சி எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அரசு விடுதிகள், அகாடமிகள், பணம் போட்ட மாநிலங்கள். 2018-ல் இருந்து தேசிய அணிகளுக்கு ஒடிசா அரசு ஸ்பான்சர். திலீப் திர்க்கே போன்றவர்களைத் தந்த சுந்தர்கர் மாவட்டத்தில் 17 வட்டாரங்களிலும் செயற்கைத் தரை அமைக்கும் திட்டத்தையும் அந்த மாநிலம் எடுத்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, ஒடிசா ஒரே ஒரு பிரம்மாண்ட மைதானத்தோடு நிறுத்திக்கொள்ள நினைக்கவில்லை என்பது. ரூர்கேலாவில் 20 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரும் ஸ்டேடியம் கட்டியது பலருக்குத் தெரியும். அதைவிட முக்கியமானது, வட்டாரத்துக்கு ஒரு தரை என்ற யோசனை. புஷி பார்க் டெடிங்டன்காரர்களுக்குச் செய்ததும் அதையேதான்: வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நல்ல தரை.

தமிழ்நாட்டிலும் இதற்குச் சாட்சி இருக்கிறது. ஹாக்கிக்குப் பெயர் போன கோவில்பட்டியில், அரசின் சிறப்பு விளையாட்டு விடுதியில் பயிற்சி பெற்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். தீப்பெட்டித் தொழிலும் கடலைமிட்டாயும் அடையாளமாக உள்ள ஒரு சிறு நகரம், பல தலைமுறையாக ஹாக்கியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததன் பலன் அது. ஆர்வம் ஏற்கெனவே இருந்த இடத்தில் வசதியும் வந்து சேர்ந்ததால் இந்திய ஜெர்ஸி வரை வழி திறந்தது.

2025 நவம்பர், டிசம்பரில் ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. அதற்காக மைதானங்கள் தயாராயின. நல்ல விஷயம். போட்டி முடிந்த பிறகு அந்தத் தரையில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உள்ளூர் பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்பதுதான் இனிமேல் கேட்க வேண்டிய கேள்வி.

என்ன செய்யலாம்?

முதலாவது, கணக்கை மாற்ற வேண்டும். ‘இத்தனை கோடியில் இத்தனை மைதானம்’ என்று அறிக்கை வருகிறது. அதோடு, ஒவ்வொரு மைதானத்திலும் எந்தெந்த கிளப்புக்கு, எந்தெந்தப் பள்ளிக்கு, எத்தனை மணி நேரம் ஒதுக்கினார்கள் என்பதையும் வெளியிடலாம். பெண்களுக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் சேர்த்தே. பூட்டிய கேட்டுக்குள் இருக்கும் டர்ஃப், இல்லாத டர்ஃப்புக்குச் சமம்.

இரண்டாவது, எல்லா ஊருக்கும் முழு அளவு மைதானம் சாத்தியமில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்து பேர் ஆடும் ‘ஹாக்கி ஃபைவ்ஸ்’ வடிவத்துக்குச் சின்ன இடம் போதும். அதற்கு 2024-ல் ஓமனில் உலகக் கோப்பையே நடந்தது. தண்ணீர் தெளிக்கத் தேவையில்லாத தரைகளை நோக்கி சர்வதேச ஹாக்கியும் நகர்கிறது. கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊர்களுக்கு இது ரொம்ப முக்கியம். புதிதாகப் போடும் தரைகளிலாவது இதை இப்போதே யோசிக்கலாம்.

மூன்றாவது, கிளப்புகள் செய்ய வேண்டியது. ஒரே ஊரில் நான்கு கிளப், நான்கும் தனித்தனியாக மைதானம் கேட்டு மனு கொடுத்தால் எதுவும் நடக்காது. நான்கும் சேர்ந்து ஒரு லீக் நடத்தினால், ஒரே தரையைப் பிரித்துக்கொண்டால், கேட்கும் குரலுக்கு எடை கூடும். பிளாக்ஹீத் செய்த தவறு, தன் பெருமையைத் தன் மைதானத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டது.

‘கிரிக்கெட் எல்லாத்தையும் முழுங்கிருச்சு’ என்ற புலம்பல் ஹாக்கி வட்டாரத்தில் அடிக்கடி கேட்கும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நவீன ஹாக்கி பிறந்ததே கிரிக்கெட் மைதானத்தில், கிரிக்கெட் பந்தோடு, கிரிக்கெட் ஆட்கள் கையால். மற்ற விளையாட்டுகளுக்காகப் பராமரிக்கும் தரைகளைச் சில மாதங்கள், சில மணி நேரம் ஹாக்கிக்கும் திறந்துவிடுவது ஒன்றும் புதுமையான யோசனை கிடையாது. 1871-லேயே அப்படித்தான் நடந்தது.

டெடிங்டன் கிளப் இன்றும் இயங்குகிறது. அதைத் தொடங்கியவர்கள் உலகத்துக்கு விதி எழுதப் போகிறோம் என்று நினைத்திருக்க வாய்ப்பில்லை. குளிர்காலத்தில் ஆட ஒரு ஆட்டம் வேண்டும் என்றுதான் நினைத்தார்கள். அதற்கு ஒரு தரை இருந்தது, அதற்குள் போக யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் முதலில் கிடைக்க வேண்டியது அதுதான்.